அசையாதது பிரியும்

பதிவு 61-1. நேரம் 07:20
இடம்: நிலவின் தென்முனை நிலையம். பதிபவர்: செண்பகவல்லி, வேதியியலர்.

இதைக் கண்டெடுப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பது விதி. நீங்கள் யாரோ, எப்போது வருவீர்களோ. வணக்கம்.

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. கீழறையில் விசிறிகள் இரண்டும் ஓடுகின்றன. பனிக்கட்டி தோண்டும் வேலை தடையின்றி நடக்கிறது. சென்ற மாதம் பனிக்குள் அகப்பட்ட சாம்பல் நிறக் கல் நேற்றுத்தான் உறைபெட்டியிலிருந்து என் ஆய்வு மேசைக்கு வந்தது. தேங்காய் அளவு. அதில் உடைத்த சிறு துண்டு ஒன்று போன கப்பலில் பூமிக்குப் போயிற்று. அங்கே உறைபெட்டியில் பத்திரமாக இருப்பதாகத் தகவல்.

ஒரு புகார். ஆயுத பூஜைக்காகக் கோவில்பட்டியிலிருந்து அம்மா அனுப்பிய பொரிகடலைப் பாக்கெட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பொரி, பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, நாட்டுச் சர்க்கரை எல்லாம் கலந்து வந்தது. இன்று பார்த்தால் சர்க்கரை அடியில், அதன்மேல் கடலை, அதன்மேல் தேங்காய், உச்சியில் பொரி. வேலையற்ற ஒருவன் உட்கார்ந்து பொறுக்கி அடுக்கியது போல் இருக்கிறது. வேலையற்றவன் என்றால் இங்கே எங்கள் பொறியாளர் இசக்கிராஜாதான். அம்பாசமுத்திரத்துக்காரன். இன்டர்காமில் கேட்டேன்.

"சாமி சத்தியமா நான் தொடலக்கா. நான் தொட்டிருந்தா பொரி மிஞ்சியிருக்குமா?"

நியாயமான பதில். வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

பதிவு 61-2. நேரம் 16:45

பாக்கெட்டைக் குலுக்கினேன். எல்லாம் கலந்தது. கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது மறுபடியும் நான்கு அடுக்கு.

டீயும் அப்படித்தான். மேலே கொழுப்பு, நடுவே தெளிந்த சாறு, அடியில் சர்க்கரை. இசக்கியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்போதைக்கு வேண்டாம், தலைகால் புரியாமல் ஆடுவான்.

பதிவு 62-1. நேரம் 11:30

முடிவுகள். மணலும் இரும்புத்தூளும் கலந்து வைத்தேன், பிரிந்தன. எண்ணெய்ச் சாயம் பிரிந்தது. உப்புக் கரைசலை வைத்தேன். உப்பு அடியில் படிந்தது, மேலே நல்ல தண்ணீர். குடித்தே பார்த்தேன். ஒரு துளிகூடக் கரிப்பில்லை.

ஆனால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியவில்லை. உப்பும் சர்க்கரையும் அப்படியே. சேர்மங்களை இந்தக் கல் தொடுவதில்லை. கலவைகளை மட்டுமே கலைக்கிறது.

யோசித்தால் இதில் அதிசயம் பாதிதான். கலவையில் எதுவும் தன் குணத்தை விடுவதில்லை. உப்பு தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் உப்பாகவேதான் இருக்கிறது. இரும்பு மணலுக்குள் கிடந்தாலும் காந்தம் கூப்பிட்டால் ஓடிவரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகச் சமைக்கும் குடும்பம் மாதிரி. இந்தக் கல் வீட்டை உடைக்கவில்லை, கதவை மட்டும் திறந்துவிடுகிறது. அவரவர் இடத்துக்கு அவரவர் போய்விடுகிறார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. அசையாமல் இருப்பது மட்டுமே பிரிகிறது. கலக்கிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆவதில்லை.

பதிவு 62-2. நேரம் 15:20

துணைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரம்தான் பூமியோடு பேச முடியும். இன்று பேசினோம். எங்கள் தலைவி ஹெலன் ஞானமணி பொதுவாக எண்ணி எண்ணிப் பேசுகிறவர். இன்று அவரே மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"கடல் தண்ணிய ஒரு தொட்டியில நிறுத்தி இதப் பக்கத்துல வச்சா போதும், கேட்டியளா? கரண்டு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க ஊரு கடற்கரை பூரா நல்ல தண்ணிதான் இனிமே."

பூமியில் எங்களோடு பேசுகிறவர் வைரவன். காரைக்குடிக்காரர், இரண்டு வருடமாக எங்கள் காதில் ஒலிக்கும் ஒரே ஊர்க்குரல். அவர் சொன்னது:

"எங்க சென்டர் டைரக்டர் குதிக்கிறார் மேடம். உறைபெட்டியிலேருந்து அந்தத் துண்டை எடுத்து வெட்டிச் சோதிக்கச் சொல்லிட்டார்."

நானும் கைதட்டினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

பதிவு 63-1. நேரம் 10:10

வெப்பம் ஏற ஏறக் கல்லின் வேகம் கூடுகிறது. உறைபனியில் அது தூங்குகிறது. அறைச் சூட்டில் அரை நாள் வேலை ஒரு மணி நேரமாகிவிட்டது. ஒரு சிட்டிகைத் தூளை என் உள்ளங்கையில் வைத்து, மேலே ஒரு சொட்டுப் பால் விட்டேன். உடம்புச் சூட்டில் சில நிமிடமே போதுமாக இருந்தது. அளவு ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது. ஒரு சிட்டிகையும் தன் பங்கு வேலையை முழுதாகச் செய்கிறது.

கையைக் கழுவினேன். ஏனோ திரும்பவும் கழுவினேன்.

பதிவு 64-1. நேரம் 08:40

ஆயுத பூஜை. எங்களை உயிரோடு வைத்திருக்கும் ஆயுதம் விசிறிகள்தான் என்பது இசக்கியின் கட்சி. அவற்றுக்கு ஓய்வு கொடுத்து, சந்தனம் குங்குமம் வைத்தே தீருவானாம். துப்புரவுக்காக ஒரு மணி நேரம் நிறுத்த விதியில் இடம் இருக்கிறது. ஹெலன் இன்டர்காமில் அனுமதி கொடுத்தார்.

"ஒரு மணி நேரம்தான். கூடிச்சுன்னா உன்னையக் கதவுக்கு வெளிய நிறுத்திருவேன், கேட்டியா?"

நெருப்புக்கு இங்கே அனுமதி இல்லை. சூடத்துக்குப் பதில் பேட்டரி விளக்கு. கீழறையில் விசிறி முன்னால் துண்டு விரித்து, பொரிகடலையைப் படைத்து, மூவரும் கும்பிட்டோம். ஹெலன் ஞாயிறுதோறும் பைபிள் வாசிப்பவர், ஆனால் விசிறியைக் கும்பிட அவருக்குத் தயக்கமே இல்லை. விசிறிகள் நின்றதும் நிலையம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று முதல்முறை தெரிந்தது. நல்ல அமைதி. நானும் ஹெலனும் மேலறைக்கு வந்துவிட்டோம். இசக்கி கீழே விசிறிக்குத் துணை.

பதிவு 64-2. நேரம் 11:15

எழுதியாக வேண்டும்.

நின்றபடி குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கண் இருண்டது. விழித்தபோது தரையில் கிடந்தேன், மனம் பளிச்சென்று இருந்தது. எழுந்தேன். மறுபடி விழுந்தேன். மறுபடி தெளிந்தேன். அறைக்கு அந்தப் பக்கம் ஹெலனும் அப்படியே விழுந்து, தவழ்ந்துகொண்டிருந்தார்.

காற்று ஒரு கலவை. பள்ளிக்கூடத்தில் படித்தது. பொரியைப் பார்த்தவளுக்கு, பாலைப் பார்த்தவளுக்கு, அது ஞாபகத்துக்கு வரவில்லை. விசிறிகள் எப்போதும் ஓடும் என்ற நினைப்பு. ஓடியதால்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறோம்.

விசிறி நின்றது, காற்று அசையாமல் நின்றது, பிரிந்தது. மேலே நைட்ரஜன். அதில் தலை இருந்தால் மயக்கம். முழங்கால் உயரத்துக்கு ஆக்சிஜன். அதற்கும் அடியில், எல்லாவற்றிலும் கனமானது, நாங்கள் மூச்சாக விட்ட கரியமில வாயு. அது படிகளில் வழிந்து கீழறையில் தேங்கியிருக்க வேண்டும். இதை நான் நினைத்து முடிப்பதற்குள் இன்டர்காம்:

"அக்கா, தல கிறுகிறுன்னு வருது. பயிற்சியில சொன்ன மாதிரி தரையோட படுத்துக்கிடுதேன்."

மயக்கம் வந்தால் தரையோடு படு. மூன்று மாதம் எங்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கத்தினேன்.

"படுக்காத இசக்கி! முட்டி போட்டு நில்லு! தரையிலதான்டா விஷம் கெடக்கு!"

அவன் மூச்சு மட்டும் கேட்டது. பெரிய பெரிய மூச்சு. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஹெலன் தவழ்ந்தே படியிறங்கினார். இசக்கியின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே விசிறியின் சுவிட்சைத் தட்டினார். சுவிட்ச் இருப்பது முழங்கால் உயரத்தில். வெறும் ஆக்சிஜன். ஒரு பொறி. விரித்திருந்த துண்டும் பொரியும் ஹெலனின் சட்டையும் ஒரே நேரத்தில் பற்றின. ஆக்சிஜனின் குணம் என்றும் அதுதான். நைட்ரஜன் நடுவில் நின்று தடுத்துக்கொண்டிருந்தது. விசிறி ஓடி இரண்டும் மறுபடி கலந்ததும் தீ தானாகத் தணிந்தது.

இசக்கி போய்விட்டான். நெற்றியில் சந்தனம் இன்னும் ஈரம் காயவில்லை. பொரி விஷயத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்காமலே விட்டேன்.

பதிவு 64-3. நேரம் 13:50

கல்லை வெளியே கொண்டுபோய், எடுத்த பனிக்குழியிலேயே போட்டு மூடிவிட்டேன். அங்கே வெயில் பட்டதே இல்லை. ஆனால் அதன் தூள் இங்கே மேசையில், வடிகட்டியில், என் நகக்கண்ணில் இருக்கிறது.

ஹெலனுக்கு மார்பிலும் கைகளிலும் தீப்புண். வலிக்கு ஊசி போட்டேன். அசையாமல் உறங்கினார். சற்று நேரம் கழித்துப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பு வெள்ளை. முதுகைத் திருப்பினால் கத்தரிக்காய் நிறம்.

ஐயோ, இரத்தமும் கலவைதான்.

இதயம் கலக்கிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பு அசையாமல் கிடந்தால் அது மட்டும் போதவில்லை. சிவப்பணுக்கள் கீழே இறங்குகின்றன, மேலே வெறும் நீர் ஓடுகிறது. அவரைப் புரட்டினேன். நிறம் மெல்ல மறுபக்கம் வந்தது. மீண்டும் புரட்டினேன். தீப்புண்ணோடு இருப்பவரை இப்படிப் புரட்டுவது கொடுமை, அவர் கத்தினார், நான் அழுதுகொண்டே புரட்டினேன். நடுவில் ஒருமுறை கண் விழித்தார். பேசியது நிலையத்தின் ஒலிப்பதிவில் இருக்கிறது.

"போதும் பிள்ளே. என்னைய விடு. அந்தக் கல்லு ஊருக்குப் போவப்பிடாது. அங்க எல்லாமே கலந்ததுதானே… நீ ஒறங்கிராத, கேட்டியா?"

விடவில்லை. ஆனால் என் கை ஓய்ந்த ஒரு சில நிமிடத்தில் போய்விட்டார். என் கை ஓயாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நின்றால் அதையே நினைக்கிறேன், ஆகவே நடக்கிறேன்.

நடந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன், கருவி எழுதிக்கொள்கிறது. துணைக்கோள் வர ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்தத் துண்டு இப்போது பூமியில் உறைபெட்டிக்கு வெளியே. அதைத் திரும்ப உள்ளே போடச் செய்ய வேண்டும். எனக்கு இனி வேறு வேலை இல்லை.

பதிவு 64-4. நேரம் 15:01
பூமியுடன் தொடர்பு. முழுப் பதிவு.

வைரவன்: "பூஜை வாழ்த்துகள் மேடம்! இங்க ஒரு மணி நேரம் முன்னாடிதான் முடிஞ்சுது. ஹெலன் மேடம் எங்க? இசக்கி தம்பி பொரி சாப்பிட்டாரா?"

நான்: "ரெண்டு பேரும் செத்துட்டாங்க வைரவன். அந்தத் துண்டு எங்க இருக்கு? முதல்ல அதைச் சொல்லுங்க."

நான் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பொரி, பால், காற்று, இரத்தம். கேட்டுக்கொண்டார்.

வைரவன்: "துண்டு லேப்ல இருக்கு. லேப் பூட்டியாச்சு மேடம். எல்லா மெஷினுக்கும் இன்னைக்கு ஓய்வு, நாளைக்கு விஜயதசமிக்குத்தான் திறப்பாங்க. இந்த அறையிலகூட ரேடியோ மட்டும்தான் ஓடுது. ஏசி நின்னாச்சு."

நான்: "பூட்டை உடைச்சாவது எடுத்து உறைபெட்டியில போடுங்க. உள்ள போறவங்க குனிஞ்சுகிட்டே போகணும். முதல்ல ஜன்னல், அப்புறம் கல்லு."

வைரவன்: "சரி மேடம். ஆனா… துண்டு மட்டும் இல்ல."

நான்: "என்ன சொல்றீங்க?"

வைரவன்: "வெட்டுனப்போ தூள் விழுந்துச்சுல்ல. டைரக்டர் அதைச் சந்தனத்துல போட்டுக் குழைச்சாரு. நிலாவுலேருந்து வந்தது, விசேஷம்னு. கொஞ்சூண்டுதான் மேடம், அவ்ளோ சந்தனத்துல கலந்தா என்ன ஆயிரப்போகுது?"

நான்: "கலந்தா ஒண்ணும் ஆகாது வைரவன். அதான் பிரச்சினையே. அது அதாவேதான் இருக்கும். எதுக்கெல்லாம் வச்சீங்க?"

வைரவன்: "எல்லா மெஷினுக்கும். அப்புறம் எங்களுக்கும். குடும்பத்தோட வந்திருந்தாங்க மேடம், நூறு பேருக்கு மேல இருக்கும். எல்லார் நெத்தியிலயும் டைரக்டர் அவர் கையாலயே வச்சாரு. எல்லாரும் பஸ் ஏறிட்டாங்க. நாளைக்கும் லீவுன்னு சில பேரு ஊருக்கே போறாங்க."

உடம்புச் சூட்டில் சில நிமிடமே போதும் என்று நான் எழுதியது நேற்றுத்தான்.

நான்: "உங்க நெத்தியில?"

வைரவன்: "இருந்துச்சு. நீங்க சொல்லும்போதே தொடைச்சிட்டேன். முன்னாடி இருக்கிற பொரித் தட்டைப் பார்க்கிறேன். கடலையெல்லாம் அடியில போயிருச்சு."

நான்: "உட்காராதீங்க. எழுந்து நடங்க. கதவைத் திறங்க. எல்லாருக்கும் போன் போடுங்க. கழுவ வேண்டாம், கழுவினா சாக்கடையில போகும், கடலுக்குப் போகும். காய்ஞ்ச துணியில தொடைச்சு, துணியை ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லுங்க. யாரும் தூங்க வேண்டாம்."

வைரவன்: "மேடம், என் பொண்ணு. எட்டு மாசம். அவளுக்கும் வச்சாரு."

நான்: "வீட்டுக்கு முதல்ல போடுங்க. இப்பவே."

மைக் திறந்தே இருந்தது. அவர் செல்போனில் பேசுவது எனக்குக் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு அதட்டி, பிறகு கெஞ்சி. துணைக்கோள் அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார்.

வைரவன்: "என் வீட்டுக்காரி சிரிக்கிறா மேடம். பல்லு முளைக்கிற அழுகை, மூணு நாளா யாரும் தூங்கல. இன்னைக்குத்தான் பாப்பா ஆடாம அசையாம தூங்குதாம். விசிறிச் சத்தத்துல முழிச்சிரும்னு அதையும் அணைச்சிட்டாளாம். எழுப்ப மாட்டேங்கிறா."

நான்: "எழுப்பச் சொல்லுங்க! தூக்கி ஆட்டச் சொல்லுங்க வைரவன், விசிறியைப் போட—"

தொடர்பு அறுந்தது. நான் சொன்னதில் எவ்வளவு அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

பதிவு 64-5. நேரம் 17:30

நடக்கிறேன். மேலறை, படி, கீழறை, படி. இசக்கியைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் அவனிடம் ஏதாவது சொல்கிறேன். விசிறி ஓடுகிறது. அதைத் தொட்டுக் கும்பிட்டேன், ஆமாம்.

விரல்நுனி வெளுத்திருக்கிறது. பாதம் கருத்து வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் சரியாகிவிடும் போல இருக்கிறது. படுக்க மாட்டேன்.

கண்டெடுப்பவரே, முதலில் உங்களுக்கு வணக்கம் சொன்னேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் வரக் கூடாது. அடுத்த கப்பலும் வர வேண்டாம், எனக்காக யாரும் வர வேண்டாம். வந்துவிட்டீர்கள் என்றால் எதையும் தொடாதீர்கள், பனிக்குழியைத் தோண்டாதீர்கள். உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால் எழுந்திருங்கள். பக்கத்தில் தூங்குகிறவரைப் புரட்டிவிடுங்கள்.

அங்கே காற்று உண்டு. மரம் ஆடும், அலை அடிக்கும். எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கும். அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜன்னல் சாத்திய ஓர் அறை. ஒரு தொட்டில்.

அவள் பெயரைக் கேட்கவில்லை.

பதிவு 64-6. நேரம் 18:05

துணைக்கோள் வந்துவிட்டது. இணைப்பு கிடைத்தது. அவர் மைக் திறந்தே இருக்கிறது.

வைரவன். வைரவன். செண்பகவல்லி பேசுறேன்.

பதில் இல்லை. நாற்காலி நகரும் சத்தம் இல்லை. கதவைத் திறந்திருந்தால் காற்று மைக்கில் மோதும், அதுவும் இல்லை. அந்த அறையில் ஒன்றுமே அசையவில்லை.

போன் மட்டும் அடிக்கிறது. மேசை மேல்தான். நிற்கிறது, திரும்ப அடிக்கிறது. வீட்டிலிருந்தாக இருக்கும்.

எடுங்க வைரவன்.

மறுபடி அடிக்கிறது

எடுங்க